நம்ம பக்கமே விழட்டும்

பீரோவைத் திறந்த பத்ருன்னிசா திறந்த கையோடு அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே கொக்கியில் மாட்டியிருந்த அவளுடைய கறுப்புத் தோல்பை வெள்ளையாகியிருந்தது. தொட்டால் மெத்தென்று, பூனைக்குட்டியின் முதுகு மாதிரி. சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பூசணம். அடுக்கில் இருந்த பட்டுச்சேலையை எடுத்து உதறினாள். மடிப்பு ஓரம் முழுக்கப் பச்சைப் பச்சையாகப் புள்ளி. மறுநாள் காலை உடுமலையில் சொந்தக்காரர் கல்யாணம். அதைத்தான் கட்டிக்கொண்டு போவதாக இருந்தாள்.

போனை எடுத்துக் காதர்பேட்டையில் இருக்கும் புருஷனின் பனியன் கடைக்குக் கூப்பிட்டாள்.

“ஏனுங்க, மறுபடியும் வந்துருச்சுங்க.”

“ஆரு வந்துட்டாங்க?” என்றார் ஹிதாயத்துல்லா உற்சாகமாக. யார் வந்தாலும் அவருக்குச் சந்தோஷம்தான்.

“பூசணம்.”

“அட, அதா. வெயில்ல போடு பத்ரு, போயிரும். இன்ஷா அல்லாஹ், ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்.” அவருக்குப் பின்னால் யாரோ ஹிந்தியில் விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். போனை வைத்துவிட்டார்.

போடுவதற்கு வெயில் வேண்டுமே. விடிந்ததிலிருந்து வானம் மூடிக்கிடந்தது. அவள் பையைக் குப்பையில் போட்டாள். சேலையைத் தூக்கிப்போட மனசு வராமல் கொடியில் தொங்கவிட்டாள். மறுநாள் வேறொரு சேலையில் கல்யாணத்துக்குப் போய் உட்கார்ந்தபோது, பக்கத்து நாற்காலிப் பெண் மூக்கைச் சுருக்கி இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை முகர்ந்தாள். அப்புறம் மெதுவாக எழுந்து பின்வரிசைக்குப் போய்விட்டாள். பத்ருன்னிசா முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோனாள். வீட்டு வாசனை. பழைய கோணிச்சாக்கை நனைத்து மூலையில் போட்டுவைத்த வாசனை. அதற்குள்ளேயே இருந்து இருந்து அவளுக்குத் தெரியாமலே போயிருந்தது. பிரியாணியைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டாள்.

அந்த வீடு காதர்பேட்டைக்குப் பக்கத்து ராயபுரத்தில் ஹிதாயத்துல்லாவைப் பெற்ற அத்தா கட்டியது. கீழே இவர்கள், மாடியில் ஒரு குடித்தனம். கீழே பின்னறையில் மகள் ரைசா படுத்துக்கொள்வாள். பார்மசி படிக்கிறாள். சில வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைக்காலத்தில், அவள் கட்டிலுக்குப் பின்னால் சுவரில் டீ சிந்திக் காய்ந்த மாதிரி ஒரு வட்டம் தெரிந்தது. அது கறுத்தது. பிறகு பரவியது. பெயிண்டர் ஆத்தப்பன் வந்து தட்டிப் பார்த்து, “ஓதமுங்க்கா, ஈரம் எறங்குது” என்றார். சுரண்டி, பட்டி பார்த்து, பூசணம் பிடிக்காத பெயிண்ட் என்று ஒன்றை அடித்தார். அடுத்த மழைக்கு அந்தப் பெயிண்ட் அப்பளம் மாதிரி உப்பியது. “அது வேற கம்பெனிங்க்கா, இது வேற கம்பெனி” என்று மறுபடியும் அடித்தார். அதுவும் உப்பியது.

வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் சுவரை முகர்ந்து பார்த்து, ஆளுக்கொரு வைத்தியம் சொல்லி, டீ குடித்துவிட்டுப் போனார்கள். கிண்ணத்தில் கல்லுப்பு வை என்றார் ஒருவர். வேப்பிலைப் புகை போடு என்றார் இன்னொருவர். கடைசியில் ஹிதாயத்துல்லாவின் சிநேகிதர் ஒருவர் சொல்லி, சுவரையே மறைத்துத் தேக்குமர டிசைனில் பிளாஸ்டிக் பலகை அடித்தார்கள். அறை ஆம்னி பஸ்ஸின் உள்பக்கம் மாதிரி ஆயிற்று.

“இப்பப் பாரு, எவ்வளவு லட்சணமா இருக்குது!” என்று ஹிதாயத்துல்லா அந்தப் பலகையைத் தட்டிக் காட்டினார். அந்த வருஷம்தான் ரைசாவுக்கு இருமல் ஆரம்பித்தது.

கல்யாணத்திலிருந்து திரும்பிய அன்றைக்கே பத்ருன்னிசா சேலையைக்கூட மாற்றாமல் தோசைத் திருப்பியை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனாள். பலகையின் இடுக்கில் அதைக் கொடுத்து நெம்பினாள். ஒரு பலகை பட்டென்று கழன்றது. அடுத்தது தானாகவே தொங்கியது. உள்ளே சுவரே தெரியவில்லை. மேலிருந்து கீழ்வரை கறுப்புக் கம்பளி போர்த்தியிருந்தது. அங்கங்கே மஞ்சளாக, ஈரமாக, காது மடல் மாதிரி எதுவோ முளைத்திருந்தது.

சத்தம் கேட்டு வந்த ரைசா துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு பார்த்தாள்.

“அம்மா, நான் இதுக்குப் பக்கத்துலயா தல வெச்சுப் படுத்திருந்தேன்?”

பத்ருன்னிசா அவளை அறைக்கு வெளியே அனுப்பினாள். மகளின் மெத்தையை இழுத்துக்கொண்டுபோய் ஹாலில் போட்டாள்.

சாயங்காலம் ஹிதாயத்துல்லா வந்து பார்த்தார். பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார்.

“மாடியில இருக்கறவங்கதான். தண்ணிய ஊத்தி ஊத்திக் கழுவறாங்க. அதான் எறங்குது. காலி பண்ணச் சொல்லிரலாம்.”

“சொல்லுங்க அப்ப.”

“நானா? இசக்கிமுத்து மொகத்தப் பாத்து எப்பிடிச் சொல்றது? நல்ல மனுசன். நீ அவரு சம்சாரத்துகிட்ட மொள்ளச் சொல்லிரு.”

அவர் இப்படித்தான். காதர்பேட்டையில் ஹிதாயத்துல்லா பாய் என்றால் யாரும் ஒரு குறை சொல்லமாட்டார்கள். யார் மனசும் நோகக்கூடாது. யார் எது கேட்டாலும் “அதுக்கென்ன” என்பார். அவர் சொல்லாமல் விட்டதையெல்லாம் சொல்லித் தீர்ப்பது இருபது வருஷத்துக்கு மேலாக பத்ருன்னிசாவின் வேலை. பால்காரர் முதல் கேபிள்காரர் வரை இந்தத் தெருவில் அவள்தான் கெட்டவள்.

மறுநாள் பகலில், மழைக்கு முந்தின புழுக்கத்தில், அவள் மாடிப்படி ஏறினாள். செல்லத்தாய் கதவைத் திறந்தாள். தென்காசிப் பக்கத்துக்காரி. புருஷன் இசக்கிமுத்து அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். இவளும் அதே கம்பெனியில் செக்கிங் பார்க்கிறாள். அன்றைக்கு வேலை இல்லை போலிருக்கிறது.

“வாங்கக்கா, உள்ள வாங்க. என்னக்கா, முகமே சரியில்லயே?”

பத்ருன்னிசா உட்காராமலே விஷயத்தைச் சொன்னாள். தண்ணீர் இறங்குகிறது, சுவர் நாசமாகிவிட்டது, மகளுக்கு இருமல் நிற்கவில்லை, வேறு வீடு பார்த்துக்கொண்டால் நல்லது. செல்லத்தாய் குறுக்கே பேசாமல் கேட்டாள். அவள் முகம் சுண்டிப்போயிற்று.

“அக்கா, நான் ஒண்ணு கேக்கட்டா? எங்க பாத்ரூமு முன்னாலல்லா இருக்கு. மாடிப்படி பக்கத்துல. அங்கன ஊத்துத தண்ணி எப்பிடிக்கா பின்னால எறங்கும்?”

பத்ருன்னிசா திரும்பிப் பார்த்தாள். பாத்ரூம் கதவு மாடிப்படியை ஒட்டித்தான் இருந்தது. எப்போதும் அங்கேதான் இருந்தது. தன் வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று யோசிக்காமல் புருஷன் சொன்னதைக் கேட்டுப் படியேறி வந்ததை நினைக்க, அவளுக்கு அவள் மேலேயே கோபம் வந்தது.

“இங்கன வாங்க” என்று செல்லத்தாய் அவளைப் பின்பக்க அறைக்குக் கூட்டிப்போனாள். அரிசி டிரம்மை நகர்த்தினாள். சுவரின் அடியில், முழங்கால் உயரத்துக்கு, அதே கறுப்பு. “வாராவாரம் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தொடைக்கேன். தொடைச்சாப் போவுது, திரும்ப வருது. உங்ககிட்ட சொன்னா, நாங்கதான் கெடுத்தோம்னு காலி பண்ணச் சொல்லிருவியளோன்னு பயம். புள்ளைய இந்த வருசந்தான் பக்கத்துப் பள்ளிக்கூடத்துல சேத்திருக்கோம்.”

கீழே ஒருத்தி மறைத்துக்கொண்டிருந்தாள், மேலே ஒருத்தி துடைத்துக்கொண்டிருந்தாள். நடுவில் அது தன்பாட்டுக்கு வளர்ந்திருக்கிறது.

அப்போது மழை பிடித்தது. தூறல் கீறல் எதுவும் இல்லாமல் எடுத்த எடுப்பில் கொட்டியது. கீழே தகரம் இரைந்தது. செல்லத்தாய் சாரல் அடிக்காமல் இருக்க சன்னலைச் சாத்தப் போனவள், கையை எடுத்துக்கொண்டு, “அக்கா, இதைப் பாருங்களேன்” என்றாள்.

வீட்டுக்கும் பின்வீட்டுக்காரர் வேலுமணியின் மதிலுக்கும் நடுவில் ஒரு சந்து. அதில் ஹிதாயத்துல்லா தகர ஷெட் போட்டிருந்தார், கடையில் கொள்ளாத பனியன் பண்டல்களை அடுக்க. ஷெட் கீழே இருந்து பார்த்தால் வெறும் ஷெட். மேலே இருந்து பார்க்கும்போதுதான் தெரிந்தது, தகரம் வேலுமணியின் மதில் பக்கம் உயர்ந்து, இவர்கள் வீட்டுச் சுவரைப் பார்த்துச் சரிந்திருந்தது. விழுந்த மழை முழுவதும் ஓடிவந்து சுவரில் முட்டியது. தகரமும் சுவரும் சேரும் இடத்தில் பூசிய சிமெண்ட் வாய் பிளந்திருந்தது. தண்ணீர் அங்கே சுழித்துச் சுழித்து உள்ளே போய்க்கொண்டிருந்தது. போகிற தண்ணீர் வெளியே வருகிற வழியே காணோம்.

“முட்டித் தெறிச்சு எங்க சுவருக்கும் ஏறுதுக்கா” என்றாள் செல்லத்தாய்.

பத்ருன்னிசாவுக்கு ஷெட் போட்ட நாள் ஞாபகம் வந்தது. வெல்டிங்காரர் தகரத்தை வெளிப்பக்கம் சரித்துத்தான் வைத்தார். வேலுமணி மதிலுக்கு மேல் தலையை நீட்டி, “பாய், தண்ணி எங்க காம்பவுண்டுக்குள்ள உழுகக்கூடாதுங்க” என்றார். ஒரு குழாய் வைத்துத் திருப்பிவிட்டிருந்தால் முடிகிற காரியம். ஹிதாயத்துல்லா சிரித்துக்கொண்டே, “அதுக்கென்னங்க, நம்ம பக்கமே உழுகட்டும்” என்றார். தகரத்தைத் திருப்பிச் சரித்தார்கள். எல்லாருக்கும் அவள்தான் டீ போட்டுக் கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் ஹிதாயத்துல்லா கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் சொன்னாள். அவர் நிதானமாகக் கேட்டார். குடை பிடித்துக்கொண்டு சந்துக்குப் போய்ப் பார்த்துவிட்டும் வந்தார்.

“ஆமா பத்ரு, நீ சொல்றது சரிதான்.”

“ஷெட்டைப் பிரிச்சுருங்க.”

“பிரிக்கலாம். பிரிக்காம என்ன? தீபாவளி சரக்கு கெடக்குதல்லோ. சீசன் முடியட்டும். அதுவரைக்கும் அந்த வெடிப்புல ஒரு பூச்சுப் பூசிரலாம்.”

பூசினார்கள். தீபாவளி முடிந்தது. பூச்சும் முடிந்தது. பிறகு பொங்கல் சரக்கு வந்து இறங்கியது. காதர்பேட்டையில் சீசன் என்பது முடிந்து அவள் பார்த்ததில்லை. ஒன்று போனால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று வரும். கேட்கும்போதெல்லாம் அவர் மறுக்கவில்லை. மறுத்தால் சண்டையாவது போடலாம். “ஆமாம், பண்ணோணும்” என்று ஒத்துக்கொண்டே இருக்கிற மனுஷனை என்ன செய்வது?

ஒருநாள் கல்லூரிக்குக் கிளம்பிய ரைசா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். மூச்சு இழுத்தது. தோள் இரண்டும் காதுவரை ஏறி ஏறி இறங்கின. உதடு வெளுத்துவிட்டது. இசக்கிமுத்துதான் தன் பைக்கைப் போட்டுவிட்டு ஓடிப்போய் ஆட்டோ பிடித்து வந்தார். ஆஸ்பத்திரியில் மாஸ்க் வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள். டாக்டரம்மா மார்பில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டுவிட்டு, “வீட்டுல எங்கயாச்சும் ஈரம், பூசணம் இருக்குதாம்மா?” என்றார்.

பத்ருன்னிசா புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். ஹிதாயத்துல்லா மகளின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். உண்மையான அழுகைதான். அதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. “இன்னிக்கே ஒரு முடிவு கட்டறேன்” என்று எழுந்து போனார்.

சாயங்காலம் ஒரு பெட்டியோடு வீட்டுக்கு வந்தார். பிளக்கில் சொருகினால் மல்லிகை வாசம் வீசுகிற மெஷின்.

“கோயமுத்தூர்ல பெரிய பெரிய ஓட்டல்ல இதுதான் வெச்சிருக்காங்களாமா.”

பத்ருன்னிசா பெட்டியைக் கையில் வாங்கினாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.   சமையலறைக்குப் போய், அடுப்பில் ஒன்றும் இல்லாமல் பர்னரைப் பற்றவைத்து, அணைத்து, மறுபடி பற்றவைத்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த வாரம் அவர் சரக்கு விஷயமாகக் கொல்கத்தா கிளம்பினார். ரயிலேற்றிவிட்டு வந்தவள் நேராக மாடிக்குப் போனாள்.

“செல்லத்தாயி, ஞாயித்துக்கிழம உங்க ரெண்டு பேருக்கும் லீவா?”

“லீவுதாங்க்கா. எதுக்கு?”

“ஷெட்டைப் பிரிக்கறேன்.”

செல்லத்தாய் புருஷனைப் பார்த்தாள். இசக்கிமுத்து தலையைச் சொறிந்தார். “பாய்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுச் செய்யலாம்லா?”

“கேட்டா ஆமான்னுதாங்க சொல்லுவாரு. அவரு எப்ப இல்லைன்னு சொல்லியிருக்காரு? அதனால கேட்டதாவே வெச்சுக்கங்க.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று பேரும் முகத்தில் துணி கட்டிக்கொண்டு இறங்கினார்கள். பண்டல்களை வைக்க வேறு இடம் இல்லை. ஹாலில் சோபாவை ஒதுக்கிவிட்டு அடுக்கினார்கள். ஹால் நிறைந்ததும் முன்னறை. முன்னறை நிறைந்ததும் அவர்கள் படுக்கிற கட்டிலின் மேல். ரைசாவை முன்னமே உடுமலையில் தங்கை ஷாஹிதா வீட்டுக்கு அனுப்பியிருந்தாள். மதியத்துக்கு மேல் வெல்டிங்காரர் வந்து தகரத்தைக் கழற்ற ஆரம்பித்தார்.

சத்தம் கேட்டு வேலுமணியின் தலை மதிலுக்கு மேல் தெரிந்தது.

“ஏனுங்க, மறுபடியும் ஏதோ வேலை நடக்குதாட்ட இருக்குது? தண்ணி எங்க பக்கம் உழுகாமப் பாத்துக்கங்க.”

“தகரமே இல்லீங்க. இனி வானத்துல இருந்து நேரா உழுகற தண்ணி உங்களுது பாதி, எங்களுது பாதி. அதுல ஏதாச்சும் மாத்தோணும்னா மேலதான் கேக்கோணும்” என்றாள் பத்ருன்னிசா. தலை கீழே இறங்கிவிட்டது.

சுவரை ஒட்டிக் கடைசியில் கிடந்த பண்டல்களைத் தூக்கும்போது இசக்கிமுத்து, “யக்கா, இது கனக்குதே” என்றார். ஈரத்தில் ஊறிய கனம். மேல் பிளாஸ்டிக்கைக் கிழித்ததும் அந்த வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது. கைக்குழந்தைகள் போடுகிற பனியன். வெள்ளையில் மஞ்சள் வாத்துப் படம். செல்லத்தாய் செக்கிங் பார்க்கிற பழக்கத்தில் ஒன்றை விரித்து வெளிச்சத்தில் பிடித்தாள். கழுத்து, அக்குள், தையல் ஓரம் எல்லாம் கறுப்புப் புள்ளி பூத்திருந்தது. அடுத்ததும் அப்படியே. அதற்கு அடுத்த பண்டலும்.

“இதுல வித்தது எவ்வளவோ” என்றாள் செல்லத்தாய் மெதுவாக.

பத்ருன்னிசா அந்தப் பண்டல்களை மட்டும் தனியாக வைக்கச் சொன்னாள்.

ஹிதாயத்துல்லா ஊரிலிருந்து வந்து வாசற்கதவைத் தள்ளினார். கதவு பாதிக்கு மேல் திறக்கவில்லை. பக்கவாட்டில் நுழைந்து பார்த்தவர், கையில் ரசகுல்லா டப்பாவோடு நின்றார். அவள் கல்யாணமாகி வந்ததிலிருந்து அவருடைய கோபத்தைப் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தாள்.

“என்ன பண்ணி வெச்சிருக்கற? ஊடா இது? நாளைக்கு யாவாரி வந்தா எங்க உக்காரச் சொல்றது? என்னை ஒரு வார்த்த கேட்டியா?”

“தீபாவளிக்கு முன்ன இருந்தே கேட்டுட்டு இருக்கறனுங்க.”

“பொங்கச் சரக்கு பத்ரு! யாரு மொகத்துல நான் முழிக்கறது?”

அவள் தனியாக வைத்த பண்டலில் இருந்து ஒரு பனியனை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவர் அதைப் பார்த்தார். திருப்பினார். மூக்கருகே கொண்டுபோனவர் சட்டென்று கையைத் தாழ்த்தினார். அப்புறம் இன்னொன்றை எடுத்தார். இன்னொன்று. ரசகுல்லா டப்பாவை பண்டல்மேல் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

“முன்னாலயே கொஞ்சம் சரக்கச் சேலத்துல இருந்து திருப்பி அனுப்புனாங்க. கம்பெனிக்காரன் ஈரத்தோட பேக் பண்ணிட்டான்னு நெனச்சேன்.” பனியனை மடியில் விரித்தார். “பொறந்த கொழந்தைக்குப் போடறது பத்ரு இது. எந்தக் கொழந்தைக்குப் போட்டாங்களோ. அதுக்கு என்ன ஆச்சோ. அல்லா, நான் என்ன காரியம் பண்ணிப்போட்டேன்!”

கண் கலங்கிவிட்டது. உடனே போனை எடுத்தார். சிநேகிதர் ஒருவரைக் கூப்பிட்டு, இன்றைக்கே ஒரு குடோன் வேண்டும், எங்கே இருந்தாலும் பரவாயில்லை என்றார். இன்னொருவரைக் கூப்பிட்டு, அந்தச் சரக்கில் ஒரு பீஸ்கூட விற்காதே, எல்லாவற்றையும் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்றார். சுருக்கமாக, தெளிவாக, யார் மனசு நோகும் என்று பார்க்காமல் பேசினார். அவருக்கு இப்படிப் பேச வரும் என்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்த நேரத்தில் அவளுக்கு நிம்மதி வந்திருக்கவேண்டும். வரவில்லை. 

“ஏனுங்க.”

“சொல்லு.”

“முகந்தெரியாத கொழந்தைக்கு இந்த உருகு உருகறீங்க. நல்லதுதான். வேண்டாங்கல. நம்ம கொழந்த அந்தச் சுவத்துப் பக்கத்துல படுத்துக்கிட்டு இருமிக்கிட்டே இருந்தாளே, அது ஏனுங்க உங்க காதுல உழுகல?”

“அவளுக்காக நான் அழுகலியா?”

“அழுதீங்க. அழுதுபோட்டு மல்லியப்பூ மெஷின் வாங்கிட்டு வந்தீங்க.” அவள் விரல் விட்டு எண்ணினாள். “வேலுமணி மனசு நோகக்கூடாது, யாவாரி மனசு நோகக்கூடாது, ஊருல ஒருத்தர் மனசும் நோகக்கூடாது. நானும் ரைசாவும் மட்டும் என்னத்தை வேணா தாங்கிக்குவோம். நாங்க உங்க பக்கம். அதனால எல்லாம் எங்க பக்கமே உழுகட்டும். அப்பிடித்தானுங்க?”

ஹிதாயத்துல்லா பதில் சொல்லத் தலையைத் தூக்கினார். எப்போதும் சொல்கிற “ஆமா பத்ரு” என்பது வாய்வரை வந்திருக்கவேண்டும். சொல்லவில்லை.  பிறகு எழுந்து பின்னறைக்குப் போனார். கறுத்த சுவரின் எதிரே ரைசாவின் வெறுங்கட்டில் கிடந்தது. அதில் உட்கார்ந்து, தலைமாட்டில் கையை வைத்து, அங்கிருந்து சுவர் எவ்வளவு தூரம் என்று பார்த்தார். ஒரு கை நீளம்கூட இல்லை.

பண்டல்கள் மறுநாள் குடோனுக்குப் போயின. கொத்தனார் வந்து பின்சுவரின் பூச்சை மேலிருந்து கீழ்வரை கொத்தியெடுத்தார். மாடியில் செல்லத்தாய் வீட்டுச் சுவரையும் கொத்தினார்கள். செங்கல் வெளியே வந்தது. ஈரத்தில் நனைந்து, விரலால் தோண்டினால் மாவாக உதிர்ந்தது. கெட்டுப்போன கல்லைப் பெயர்த்துவிட்டு வேறு கல் வைத்தார்கள். மெத்தை, தலையணை, பீரோவின் பின்பலகை, ரைசாவின் பழைய நோட்டு மூட்டை எல்லாம் போயின. வெளிப்பக்கச் சுவரில் தண்ணீர் தங்காத பூச்சு பூசி, சந்தின் தரையைச் சாக்கடைப் பக்கம் வாட்டம் வைத்து சிமெண்ட் போட்டார்கள். வீட்டில் செம்மண் தூசி இல்லாத பாத்திரம் கிடையாது. சோற்றில் நறநறத்தது.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். காய்வதற்குக் காத்திருப்பதுதான் பெரும்பாடு. கொத்திய சுவர் லேசில் காயவில்லை. சன்னல்களைத் திறந்துவைத்து, டேபிள் ஃபேனை சுவரைப் பார்த்துத் திருப்பிவைத்து, நாள் முழுக்க ஓடவிட்டாள். ஆத்தப்பன் வாரம் தவறாமல் வந்து எட்டிப் பார்த்தார்.

“காஞ்சுருச்சுங்க்கா. அடிச்சுரலாங்க.”

“தொட்டுப் பாருங்க.”

தொட்டார். “லேசாத்தானுங்க சில்லுனு இருக்குது. அடிச்சா அதுவே இழுத்துக்கும்.”

“இத்தன நாளும் அதுதானுங்க இழுத்துக்கிச்சு. போயிட்டு அடுத்த மாசம் வாங்க.”

ஹிதாயத்துல்லா ஆத்தப்பனைப் பாவமாகப் பார்த்தார். “வந்தவரைச் சும்மா அனுப்பறமே, முன் கதவுக்காச்சும்…” என்று தொடங்கி, அவள் பார்வை பட்டதும் டீ போடுகிறேன் என்று உள்ளே போய்விட்டார். ஆனால் கடை சாத்திவிட்டு வந்ததும், முகத்தில் துணி கட்டிக்கொண்டு மிச்சம் ஒட்டியிருந்த கறுப்பைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தது அவர்தான். யாரும் சொல்லவில்லை. தேய்த்து முடித்துத் தும்முவார். அவள் ஆவி பிடிக்க வெந்நீர் வைத்துக் கொடுப்பாள். இருவரும் அப்போது அதிகம் பேசிக்கொள்ளவில்லை. உடுமலைக்கு ரைசாவைப் பார்க்கப் போனபோது, அவர் மகளைத் தனியாக மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று அவள் கேட்கவில்லை. இறங்கி வந்த ரைசாவின் கண் சிவந்திருந்தது. அத்தாவின் தட்டில் அவளே கறி எடுத்துவைத்தாள்.

வெயில் ஏறி, சுவரைத் தொட்டால் சூடு தெரிய ஆரம்பித்த பிறகுதான் பத்ருன்னிசா பூச அனுமதித்தாள். பூச்சு காய்ந்தபின் சுண்ணாம்பு மட்டும் அடிக்கச் சொன்னாள். ஆத்தப்பனுக்கு அதில் வருத்தம்தான். “ராயல் கலர் ஒண்ணு வந்திருக்குதுங்க்கா” என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். பழைய பூச்சும் புதிய பூச்சும் சேர்ந்த இடத்தில் ஒரு மேடு விழுந்து, சுண்ணாம்புக்கு மேலும் தெரிந்தது. தெரிந்தால் தெரியட்டும் என்றுவிட்டாள்.

ரைசா திரும்பி வந்தாள். மூச்சிழுப்பு ஒரேயடியாகப் போய்விட்டது என்று சொல்லமுடியாது. தூசி பட்டால் இன்னும் வருகிறது. இன்ஹேலரைப் பையில் வைத்திருக்கிறாள். ஆனால் படுத்தால் விடியும்வரை இருமலில்லாமல் தூங்குகிறாள். பத்ருன்னிசாதான் காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அந்தச் சுவரை முகர்ந்து பார்க்கிறாள். போர்வைக்குள்ளிருந்து, “அம்மா, போதும்மா. சுவரே வெக்கப்படுது” என்று சத்தம் வரும்.

கோடை மழை பெய்து ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹிதாயத்துல்லா பின்கதவைத் திறந்துகொண்டு சந்தில் போய் நின்றார். தண்ணீர் சுத்தமாக வடிந்து, தரை கழுவிவிட்டது போல் இருந்தது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து பார்த்தார்.

“பத்ரு, இங்க வாயேன்.”

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

“இவ்வளவு எடம் சும்மாத்தானே கெடக்குது. நம்ம சாதிக் பாய் ஒரு நாலு பண்டல் மட்டும் எங்கயாச்சும் வெக்கோணும்னு…”

அவள் இடுப்பில் கை வைத்து அவரைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

“…கேட்டாரு. முடியாதுன்னு சொல்லிட்டேன்” என்று முடித்தார் ஹிதாயத்துல்லா.

“எப்பச் சொன்னீங்க?”

அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். “இப்பச் சொல்லப்போறேன்” என்று நம்பரைத் தேட ஆரம்பித்தார்.